ஏன் மாற்றினீர்கள்?

எல்லாம் இதே வரிசையில்தான் நடந்ததா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நாற்பத்தாறு வயதில், ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஆறு மாதத் தற்காலிக வேலையில் சேர்ந்தேன் என்பது மட்டும் நிச்சயம்.

முதல் நாள் பக்கத்து இருக்கைப் பெண் பாடம் நடத்தினாள்.

"சார், புரோகிராம்ல எதை மாத்தினாலும், ஏன் மாத்தினீங்கன்னு இந்தக் கட்டத்துல எழுதிட்டுத்தான் சேமிக்கணும்."

"சரிம்மா. இந்த ஆபீஸ் குரூப் சாட் ஏன் இப்படிக் கத்திட்டே இருக்கு?"

"இந்த ரெண்டு கீயையும் சேர்த்து அழுத்துங்க. குரூப் மியூட் ஆயிடும்."

உடனே அழுத்தினேன். நான் உருப்படியாகக் கற்ற ஒரே குறுக்குவழி அதுதான்.

கட்டத்தை யார் பார்க்கப்போகிறார்கள்? வாயால் சொல்லாததையெல்லாம் அதில் எழுதினேன்.

'பொத்தானை இடப்பக்கம் நகர்த்தினேன். நேற்று வலப்பக்கம் நகர்த்தச் சொன்னவரும் மேலாளர்தான்.'

'நிறத்தை மாற்றினேன். கூட்டத்தில் மேலாளர் தூங்கிவிட்டதால் கேட்க முடியவில்லை.'

'வேலை நிரந்தரமா என்று மனைவி கேட்டாள். பதில் தெரியாமல் இந்த வரியை மூன்று முறை திருத்தினேன்.'

ஆறாம் மாதக் கடைசியில் மேலாளர் கூப்பிட்டார்.

"நான் கூட்டத்துல தூங்குறேனா?"

"சார், அது உங்களுக்கு எப்படி..."

"நீங்க எழுதுற ஒவ்வொரு குறிப்பும் தானாவே குரூப்ல வந்து விழும். பதினோரு பேரும் தினம் காத்திருந்து படிக்கிறோம். நீங்கதான் அந்தப் பக்கமே வர்றதில்லை."

"அப்போ என் வேலை?"

"உங்களை அனுப்பிட்டா குரூப்ல இருக்கிறவங்க என்னைச் சும்மா விடுவாங்களா?"

எனக்கு வேலை நிரந்தரமானது. பக்கத்து இருக்கைப் பெண் வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டாள். மேலாளர் இங்கேயே இருக்கிறார். படிக்கிறார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து, 'திருத்தினேன்' என்பதைத் தவிர அந்தக் கட்டத்தில் எனக்கு எதுவும் எழுத வரவில்லை.