நியூ ஃபைல்

மருதப்பன் ‘டி’ என்ற எழுத்தைத் தட்டினார்; நாற்பது பக்க டெண்டர் போயே போய்விட்டது.

எதற்குத் தட்டினார் என்று கேட்டால், ஒரே ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தத்தான். செம்பவாங்கில் கப்பல் பழுது பார்க்கும் கம்பெனியில் அவர் தலைமை கிளார்க். முப்பது வருடம் டைப்ரைட்டரில் ஒரு தப்பு விடாத மனிதர், அந்த வீறாப்பில்தான் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தார்.

கம்ப்யூட்டர் பிரிஜட்டின் பொறுப்பு. இருபத்திரண்டு வயதுப் பெண், வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம், அடுத்த மாதம்தான் நிரந்தரம். “டிஸ்க் நிறைஞ்சுபோச்சு அங்கிள், பழைய ட்ராஃப்ட் எல்லாத்தையும் துடைச்சுட்டேன். சாப்பிட்டு வந்து டெண்டரைப் பிரிண்ட் எடுத்துடலாம்” என்று சொல்லிவிட்டு கேண்டீனுக்குப் போயிருந்தாள்.

அந்தக் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு எழுத்தைத் தட்ட வேண்டும். ஃபைலைத் திறக்க வேண்டுமென்றால் ‘ஓப்பன்’, அதற்கு ‘ஓ’ என்றுதானே யாரும் நினைப்பார்கள்? ‘ஓ’வைத் தட்டினால், எதைக் காப்பி எடுக்க வேண்டும் என்று கேட்டது அந்த மிஷின். என்ன எழவு இது என்று அதிலிருந்து ஒரு வழியாக வெளியே வந்து, டாக்குமெண்ட்டுக்கு ‘டி’யாக இருக்கும் என்று அதைத் தட்டினார். பேர் கேட்டது. டெண்டர் என்று ஆங்கிலத்தில் அடித்தார்.

‘நியூ ஃபைல்’ என்று இரண்டு வார்த்தை மின்னி மறைந்தது. பிறகு திரையில் ஒன்றுமே இல்லை, மூலையில் ஒரு பச்சைக் கோடு மட்டும் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

புது ஃபைல் ஆக்கிவிட்டதென்றால் பழையது எங்கே? அப்போதுதான் அவருக்கு உறைத்தது. டி என்றால் டிலீட். சுவிட்சை அணைத்துவிட்டுத் தன் மேசைக்கு ஓடி வந்து, ஒரு கடிதத்தைத் தலைகீழாகப் பிடித்துப் படிக்க ஆரம்பித்தார்.

பிரிஜட் வந்தாள், மிஷினைப் போட்டாள், தேடினாள். அவள் முகம் வெளுத்துப்போனது. முதலாளி தங்கராஜு அறையை விட்டு வெளியே வந்தபோது, “நான்தான் ஏதோ தப்பா தட்டிட்டேன் சார்” என்று அழுதாள்.

அன்று ஐந்து மணிக்குக் கெடு முடிந்து டெண்டர் பெட்டியை மூடிவிட்டார்கள். “ஊர் பூரா ஆளைக் குறைக்கிறான். கைக்கு வந்த வேலை இப்படிப் போச்சு லா” என்று தலையில் கை வைத்துக்கொண்டார் தங்கராஜு. “மாசக் கடைசியோட நின்னுக்கம்மா.”

மருதப்பன் மேசையிலிருந்த கடிதங்களை எடுத்து அடுக்க ஆரம்பித்தார். அவருக்கு இன்னும் இரண்டு மாதத்தில் ஐம்பத்தைந்து. ரிட்டையர் ஆக வேண்டும். மேற்கொண்டு இரண்டு வருடம் வைத்துக்கொள்வதாக முதலாளி வாய்ச்சொல் கொடுத்திருந்தார். கடைசி மகள் இப்போதுதான் பாலிடெக்னிக்கில் சேர்ந்திருக்கிறாள்.

மறுநாள் பிரிஜட் வழக்கம்போலத் தான் வாங்கி வரும் கறிபாப் பலகாரத்தில் ஒன்றை அவர் மேசையில் வைத்தாள். “அந்தோணியார்கிட்ட மெழுகுவர்த்தி ஏத்தி வேண்டிக்கிட்டேன் அங்கிள். தொலைஞ்சதைக் கண்டுபிடிச்சுக் கொடுப்பாரு.” அவர் அந்தக் கறிபாப்பைக் காகிதத்தில் சுற்றி டிராயருக்குள் வைத்து மூடினார்.

நாலு நாள் தூக்கமில்லை. ஒரு சின்னப் பெண்ணைப் பலி கொடுத்துவிட்டு மூன்று வேளையும் சாப்பிடுகிறேனே, நானெல்லாம் ஒரு மனுஷனா என்று மனம் போட்டு அறுத்தது. வெள்ளிக்கிழமை காலை முதலாளி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

சாயந்தரம் பஸ் ஸ்டாப்பில் பிரிஜட் ஓடி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். “என்னை இருக்கச் சொல்லிட்டாங்க அங்கிள். ஏன்னு கேட்டா, உங்களைக் கேட்கச் சொல்றாரு.”

“அந்த ஃபைலை அழிச்சது நான்தாம்மா. இன்னைக்குத்தான் சொன்னேன். முன்னாடியே சொல்லியிருக்கணும், பயந்துட்டேன். என்னை மன்னிச்சுடு.”

“அப்ப உங்க ரெண்டு வருஷம்?”

“அது இல்லைன்னுட்டாரு. நியாயம்தானே. ரெண்டு மாசத்துல ரிட்டையர் ஆகிடுறேன்னு கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டேன்.” நாலு நாளைக்கப்புறம் அவருக்கு மூச்சு சீராக வந்தது. “நான் எழுத்துப்பிழை திருத்தப் போனேன். டி-ன்னா டிலீட்டுன்னு எனக்கு எங்க தெரியும்?”

பிரிஜட் அவர் கையை விட்டுவிட்டாள். “டி-ன்னா திறக்கிறது அங்கிள். அழிக்கிறதுக்கு ஒய்.”

“என்னமோ. நான் தட்டினேன், எல்லாம் போயிடுச்சு.”

“ஸ்கிரீன்ல என்ன வந்துச்சு?”

“நியூ ஃபைல்னு வந்துச்சு.”

பஸ் வந்து நின்றது, கதவு திறந்தது. அவர் ஏறப்போனார். அவள் நின்ற இடத்திலேயே நின்றாள்.

“அந்தப் பேர்ல ஃபைல் இல்லாட்டித்தான் அப்படி வரும்” என்றாள். “நீங்க தொடுறதுக்கு முன்னாடியே பழைய ட்ராஃப்ட்டோட அதையும் நான் அழிச்சுட்டேன் அங்கிள்.”