மிஸ்ஸுக்கு என்னப் புடிக்காது

"நான் ஸ்கூலுக்குப் போவ மாட்டேன்."

கட்டிலுக்கு அடியிலிருந்து குரல் மட்டும் வந்தது. இட்லித் தட்டோடு சோபனா குனிந்து பார்த்தாள். ஹேமந்த் ஒரு காலில் ஷூவும் இன்னொரு காலில் ஒன்றுமில்லாமலும் சுவரோடு ஒட்டிப் படுத்திருந்தான். இன்னும் நான்கு வயது முடியவில்லை. பிடிவாதத்துக்கு மட்டும் நாற்பது வயது.

"கண்ணு, கம்பெனி பஸ் வந்துரும். லேட்டாச்சுன்னா அம்மாவுக்குப் பேஜாராயிடும். வெளிய வா."

"மாட்டேன். மிஸ் பேட்."

அவன் ஸ்கூல் என்று சொன்னது, ஆம்பூரில் சோபனா வேலைக்குப் போகும் ஷூ கம்பெனிக்குள்ளேயே இருந்த குழந்தைகள் காப்பகத்தை. தையலிலும் பேக்கிங்கிலும் வேலை பார்க்கும் பெண்கள் காலையில் பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டு, சாயங்காலம் அழைத்துக்கொண்டு போவார்கள்.

சோபனா தரையில் உட்கார்ந்தாள். இட்லியைப் பிட்டுக் கட்டிலுக்கு அடியில் நீட்டினாள். வாய் மட்டும் வந்து வாங்கிக்கொண்டு போனது.

"மிஸ் இன்னா பண்ணாங்க?"

"நேத்து நான் வுழுந்தேன்ல, முட்டில ரத்தம் வந்துச்சு. மிஸ் மருந்து போட்டுட்டு, ஒண்ணுமில்ல, போய் உக்காருன்னாங்க. தன்ஷிகா வுழுந்தா மட்டும் மடில வெச்சினு தட்டிக் குடுக்கறாங்க."

"மிஸ்ஸுக்கு நெறைய பசங்க இல்லடா. எல்லாரையும் பாக்கணும்ல."

"எல்லாரையும் தூக்கறாங்க. என்ன மட்டும் தூக்க மாட்டறாங்க. மிஸ்ஸுக்கு என்னப் புடிக்காது."

அடுத்த வாய் இட்லி சோபனாவின் விரலிலேயே நின்றது. சாப்பிட மாட்டேன் என்றால் நிலா, காக்கா என்று எதையாவது காட்டலாம். தூங்க மாட்டேன் என்றால் விளக்கை அணைக்கலாம். இதற்கு என்ன செய்வது என்று தெரியவில்லை.

கண்ணாடி முன்னால் சவரம் செய்துகொண்டிருந்த பிரேம்நாத் முகத்தில் நுரையோடு திரும்பினான்.

"ஒரு நாள் நானே நேர்ல வந்து அந்த மிஸ்ஸ கேக்கறேன்டா. எம்புள்ளய ஏன் தூக்க மாட்டேன்றீங்கன்னு."

"நீங்க சும்மா இருங்க," என்றாள் சோபனா.

"நான் இன்னா தப்பா சொல்லிட்டேன்? அந்த மிஸ் கொஞ்சம் கறாரான ஆளுதான்." அவன் சிரித்துக்கொண்டே மறுபடி கண்ணாடிக்குத் திரும்பினான்.

சோபனாவுக்குச் சிரிப்பு வரவில்லை. கட்டிலுக்கு அடியில் தலையை நுழைத்தாள்.

"மிஸ்ஸுக்கு உன்ன ரொம்பப் புடிக்கும்டா."

"உனக்கு எப்புடித் தெரியும்?"

"தெரியும்."

"மிஸ் சொன்னாங்களா?"

அவள் விரலில் நின்ற இட்லியை அவன் வாயில் வைத்தாள். ஹேமந்த் மென்றுகொண்டே யோசித்தான்.

"நீ மிஸ்கிட்ட சொல்றியா? என்னையும் தூக்கச் சொல்லி?"

"சொல்றேன்."

"ப்ராமிஸ்?"

"ப்ராமிஸ்."

அதன் பிறகுதான் அவன் வெளியே வந்தான். தலையில் ஒட்டடை. அதைத் தட்டி, இன்னொரு ஷூவைத் தேடி மாட்டி, தூக்கிக்கொண்டு ஓடி, குடியாத்தம் ரோட்டில் கிளம்பப் பார்த்த பஸ்ஸைக் கையைக் காட்டி நிறுத்தி ஏறினாள்.

பஸ்ஸில் அமிர்தவள்ளி இடம் பிடித்து வைத்திருந்தாள். தையல் பிரிவில் வேலை. அவள் மடியில் தன்ஷிகா பாதித் தூக்கத்தில் இருந்தாள்.

"இன்னாடா, மூஞ்சி தொங்கிப் போய்க் கீது?"

"மிஸ் பேட்," என்றான் ஹேமந்த், பஸ் முழுக்கக் கேட்கும்படி.

அமிர்தவள்ளி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "மெதுவாச் சொல்றா. மிஸ் காதுல வுழப்போவுது." பிறகு சோபனாவின் முகத்தைப் பார்த்ததும் அவள் சிரிப்பு அடங்கியது.

"கேன்டீன்ல பேசுனத இன்னும் மனசுல வெச்சினு இருக்கியா?"

போன மாதம் கேன்டீனில் சில பெண்கள், அந்த மிஸ் ஒரு பிள்ளையை மட்டும் எந்நேரமும் இடுப்பிலேயே வைத்துக்கொண்டிருக்கிறாள், மற்றப் பிள்ளைகள் எல்லாம் பிள்ளைகள் இல்லையா என்று கேட்டிருந்தார்கள். பேச்சு வளர்ந்து, மேனேஜர் வரை போய்விட்டது.

"மறுபடியும் ஒரு பேச்சு வரக் கூடாதுக்கா. அதான்."

"பேசறவங்க பேசினுதான் இருப்பாங்க. அதுக்காக ஒரு புள்ள மனசு நோவணுமா?" என்றாள் அமிர்தவள்ளி. "எம்பொண்ணும் அங்கதான் இருக்குது. நான் ஏதாவது சொன்னேனா? யாராச்சும் கேட்டா எங்கிட்ட அனுப்பு. நான் பாத்துக்கறேன்."

சோபனா மகனின் முட்டியில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியை விரலால் தடவிக்கொண்டே வந்தாள்.

கம்பெனி கேட்டில் இறங்கியதும் பெண்கள் ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். தன்ஷிகாவின் கையைச் சோபனாவிடம் கொடுத்துவிட்டு அமிர்தவள்ளியும் தையல் பிரிவுக்கு ஓடினாள். சோபனா இரண்டு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு காப்பகத்துக்கு நடந்தாள். வாசலில் ஹேமந்த் காலை ஊன்றி நின்றுவிட்டான்.

"மிஸ்கிட்ட சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"எப்போ?"

"பஸ்லயே சொல்லிட்டேன்."

"மிஸ் இன்னா சொன்னாங்க?"

"இன்னிக்குக் கண்டிப்பா தூக்கறேன்னு சொன்னாங்க. தப்பு மிஸ் மேலதானாம்."

அவனுக்குச் சந்தேகம் தீரவில்லை. இருந்தாலும் அவள் கையை விட்டுவிட்டு, தன்ஷிகாவோடு உள்ளே ஓடிப் போய்ப் பாயில் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டான்.

சோபனா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தாள். பிள்ளைகள் எல்லாரும் எழுந்து, "குட் மார்னிங், சோபனா மிஸ்" என்று ராகம் போட்டார்கள். அவள் நேராகப் போய் ஹேமந்தை வாரித் தூக்கிக்கொண்டாள். அவன் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, காதருகே மரியாதையாகக் கேட்டான்: "எங்கம்மா உங்ககிட்ட சொல்லிட்டாங்களா மிஸ்?"