பங்களா ஜன்னலில் நின்றவள்

பாழடைந்த பங்களாவின் ஜன்னலில் ஒரு பெண் நிற்கும் படம் ஊர்க்காரர்களின் செல்போன்களில் சுற்றிக்கொண்டிருந்தது. பேயைப் பார்க்கவென்று வெளியூரிலிருந்து வந்தவர்கள் எடுத்தது. முகம் கலங்கலாகத்தான் விழுந்திருந்தது. டீக்கடையில் தளவாய் அதைத் தன் மாமனார் மாசானத்திடம் நீட்டினான். அவன் அடி தாங்காமல் வீட்டைவிட்டுப் போன மனைவி பேச்சியை அவன் இன்னும் தேடிக்கொண்டிருந்தான்.

“மாமா, நிக்கிறது நம்ம பேச்சி மாதிரி இல்ல?”

மாசானம் படத்தைக் கண்ணருகே கொண்டுபோனார். இடது தோள் சற்றே தாழ்ந்திருந்தது. சிறுவயதில் வேப்பமரத்திலிருந்து விழுந்து ஒடிந்த தோள். மகள் உயிரோடு இருக்கிறாள். செல்போனை மேசைமேல் வைத்தார்.

“பேச்சி எங்க, இது எங்க? அந்த வீட்டுல தூக்குல தொங்குன அம்மால்லா இது. சின்னப்பிள்ளையில நான் பாத்திருக்கேன். அந்தப் பக்கம் போயிராதீங்க மாப்ள. ஆம்பளையக் கண்டா விடாது.”

தளவாய் அவசரமாகச் செல்போனைப் பையில் போட்டான்.

மறுநாள் உச்சிவெயிலில் தெரு ஆளற்றுக் கிடந்தபோது மாசானம் தூக்குவாளியுடன் பங்களாவின் பின்பக்கம் போனார். கதவைத் தட்டவில்லை.

“சோறு கொண்டாந்திருக்கேன் தாயி” என்றார், கதவிடுக்கில் வாய் வைத்து.

உள்ளிருந்து குரல் வந்தது.

“அப்பா, தனியாவா வந்தீங்க?”

பதில் சொல்லுமுன் அவர் ஒருமுறை வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார்.