செந்தூரான் கொடுத்த முடி

டாக்டர் அறைக்குள் வந்த பிறகும் இசக்கியம்மாள் வாயையும் மூக்கையும் முந்தானையால் பொத்திக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நாளாக வீட்டிலும் அப்படித்தான். மருமகளைப் பார்த்தாலே அவளுக்கு ஓங்கரித்துக்கொண்டு வருகிறதாம்.

மருமகள் இந்துமதிக்கு இடது கன்னத்தில் தாடி முளைத்திருந்தது. காதோரம் தொடங்கித் தாடை வரை கறுகறுவென்று இறங்கியிருந்தது. அவள் குனிந்த தலை நிமிரவில்லை.

"இது கல்யாணத்துக்கு முன்னயே இருந்துருக்கு டாக்டரம்மா. வழிச்சு வழிச்சு மறைச்சு எங்க தலையில கட்டிட்டாவ," என்றாள் இசக்கியம்மாள், துணிக்குள்ளிருந்தே.

வெளியே கார் காத்திருந்தது. டிக்கியில் இந்துமதியின் பெட்டி ஏற்கெனவே ஏறியாயிற்று. 'பழைய நோய்' என்று டாக்டர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஆழ்வார்திருநகரியில் அவள் அப்பா வீட்டில் இறக்கிவிட்டுவிடுவார்கள். பன்னிரண்டு மணிக்கே வந்திருக்க வேண்டியவர்கள். மகனின் ஏசி அறைக் கட்டிலில் தினமும் மத்தியானம் ஒரு தூக்கம் போடாவிட்டால் இசக்கியம்மாளுக்கு மண்டையிடி வரும் என்பதால், அவள் எழுந்த பிறகுதான் கிளம்பினார்கள்.

மகன் லிங்கராஜ் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். முத்தையாபுரத்தில் பெயிண்ட் கடை வைத்திருப்பவன். பெண்டாட்டி முகத்தை ஏறிட்டுப் பார்க்கக் கூசுகிற பெரிய மன்மதன். அவனுக்கே போன வருஷம் வரை முன்மண்டை வழுக்கைதான். அம்மா திருச்செந்தூருக்கு நேர்ந்துகொண்டதும் அங்கே முடி எழும்பிவிட்டது. அந்த மகிமையையும் இசக்கியம்மாள் டாக்டரிடம் சொன்னாள்.

"எம் மவனுக்கு செந்தூரான் குடுத்தான். இவளுக்கு இவ செஞ்ச பாவம் குடுத்துருக்கு."

டாக்டர் ஆஃபியா அவர்கள் கொண்டுவந்திருந்த ரத்தப் பரிசோதனை முடிவுகளை இரண்டு முறை பார்த்தார். எல்லாம் சரியாக இருக்கிறது, இது ஏதோ மருந்தால் வந்த முடி என்றார். கள்ளத்தனமா மாத்திரை தின்னுருக்கா, நான் நினைச்சேன் என்று இசக்கியம்மாள் ஆரம்பித்தாள். ஒரு மாத்திரைகூடத் தின்னதில்லை என்று இந்துமதி அழுதாள். அதை நம்ப அந்த அறையில் அவள் வீட்டு ஆள் ஒருவரும் இல்லை.

டாக்டர் மட்டும் அவளுடைய வலது கன்னத்தைத் திருப்பிப் பார்த்தார். அது மொழுமொழுவென்று இருந்தது. எந்தப் பக்கம் சாய்ந்து படுப்பாய் என்று கேட்டார். இடது பக்கம்தான், கல்யாணத்துக்குச் சீராக வந்த நீட்டத் தலையணை, ரெண்டு பேருக்கும் அது ஒன்றுதான் என்றாள் இந்துமதி.

டாக்டர் திரும்பி லிங்கராஜின் முன்மண்டையைப் பார்த்தார்.

"நீங்க தலைக்கு என்ன பூசுறீங்க?"

தேங்காயெண்ணெய் என்றான். டாக்டர் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார். அதைத் தாங்க முடியாமல் உண்மையைச் சொன்னான். கடைக் குடோனில், பெயிண்ட் டப்பாக்களுக்குப் பின்னால், முடி வளர்க்கும் மருந்து ஒளித்து வைத்திருக்கிறான். கடையடைத்ததும் தலை சொட்டச் சொட்டப் பூசிக்கொண்டு வந்து, காய்வதற்குள் படுத்துவிடுவான். வேண்டுதல் பலித்ததாக அம்மா ஊரெல்லாம் சொன்னபோதும் வாயைத் திறக்காத உத்தமன்.

"அந்த மருந்துதான். நீங்க நிறுத்துனா அவங்களுக்கு உதிர்ந்துரும்," என்றார் டாக்டர். "இவங்க மேல ஒரு குறையும் இல்ல. அந்தத் தலையணையில முகம் வச்சுத் தூங்குற யாருக்கும் முளைக்கும்."

லிங்கராஜ் மறுபடி சுவரைப் பார்த்தான். இசக்கியம்மாள் முந்தானையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

இந்துமதி கண்ணைத் துடைத்தாள். அன்று முதன்முறையாகத் தலையை நிமிர்த்தி மாமியாரைப் பார்த்தாள்.

"அத்தே, முந்தானைய எடுங்க."