வால்வுக் கரி

எஞ்சின் விட்ட புகையில் கொஞ்சத்தைத் திரும்ப உள்ளே அனுப்பும் வால்வைக் கழற்றித் துடைப்பது மெக்கானிக் ஆரோக்கியத்தின் வேலை. அந்த எண்ணெய்க் கரி எவ்வளவு சோப்புப் போட்டாலும் நகக்கண்ணை விட்டுப் போகாது. இன்று குழாயில் தண்ணீர் வரவில்லை. அவன் கறுத்த கைகளை நீட்ட, மனைவி லூர்து செம்பிலிருந்து ஊற்றினாள்.

"ரெண்டு வண்டி வால்வு இன்னிக்கி. இடுப்பு ஒடிஞ்சுபோச்சு."

ஒரே செம்புத் தண்ணீரில் கைகள் வெளுத்துவிட்டன.

"ஒர்க்‌ஷாப்புக்குத்தான் போனீங்களா?"

"பின்ன, உங்கப்பன் வீட்டுக்கா போவேன்?" என்று சிரித்தான்.

அவள் சிரிக்கவில்லை. கொல்லையில் கவிழ்த்திருந்த வெந்நீர்ப் பானையைப் பார்த்தாள். அதன் அடிக்கரியில் விரல்கள் இழுத்த தடம் புதிதாக இருந்தது. பக்கத்தில், மறுபடி கரி மூடத் தொடங்கிய பழைய தடங்கள்.

"சோறு போடு, லூர்து" என்றான், ஈரக் கைகளை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு.