மூடி வைத்த ஓவன்

தங்கபாய் ஆட்டோவிலிருந்து இறங்குவதை ஜன்னல் வழியாகப் பார்த்த சபிதா, "வாங்க மைனி" என்றுகூடச் சொல்லாமல் அடுக்களைக்கு ஓடினாள்.

தங்கபாய் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். தம்பி பெண்டாட்டி புது மைக்ரோவேவ் ஓவனின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அதன் மேல் ஒரு பூப்போட்ட துண்டை விரித்துக்கொண்டிருந்தாள்.

ஓவன் வாங்கிய சேதியைத் தம்பி ஜெயசிங் போனில் பெருமையாகச் சொல்லியிருந்தான். இனிமேல் யார் எப்போது வந்தாலும் ஒரு நிமிஷத்தில் சுடச்சுடச் சாப்பிடலாம் என்றான்.

ஆனால் சபிதா மீன்குழம்பைக் கேஸ் அடுப்பில்தான் சூடு பண்ணினாள். பக்கத்தில் உட்கார்ந்து அள்ளி அள்ளிப் பரிமாறினாள். சாப்பாட்டில் ஒரு குறையும் இல்லை. தங்கபாயின் கண்தான் அந்தத் துண்டை விட்டு நகரவில்லை.

பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள் அபினா, ஓவனில் பாப்கார்ன் போட்டுத் தரச் சொல்லி அம்மாவின் முந்தானையை இழுத்தாள்.

"மாமி போன பொறவு தாறேன் மக்களே."

சபிதா மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் தங்கபாயின் காதில் விழுந்துவிட்டது.

ஆரல்வாய்மொழிக்கு பஸ் ஏறிய பிறகும் அந்த வார்த்தை கூடவே வந்தது. வீட்டுக்குப் போனதும் கணவர் சுயம்புவிடம் கொட்டித் தீர்த்தாள். தன் கண் பட்டால் மிஷின் கெட்டுவிடும் என்று பயந்து மூடி வைக்கிறாளாம். சபிதா அப்படிப்பட்ட பிள்ளை இல்லையே, வேறு காரணம் இருக்கும் என்றார் சுயம்பு.

நெஞ்சில் ஆபரேஷன் நடந்ததிலிருந்து நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் தம்பி வீட்டில் மதியச் சாப்பாடு என்பது அவளுக்கு வழக்கம். அடுத்த தடவை போனபோதும் ஓவன் துண்டுக்குள்தான் இருந்தது. அதற்கடுத்த தடவையும் அப்படியே. பிறகு அவள் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக பஸ் ஸ்டாண்டுக்குப் போகத் தொடங்கினாள்.

சார்ஜாவிலிருந்து மகன் ராஜகுமார் லீவில் வந்தான். அம்மாவுக்கு என்ன வேண்டும் என்று கேட்டான். எப்போதும் ஒன்றும் வேண்டாம் என்பவள், அந்தத் தடவை யோசிக்கவே இல்லை.

"ஒரு ஓவன் வாங்கித் தா. சபிதா வச்சிருக்கதைவிடப் பெருசா இருக்கணும்."

வீம்புக்கு வாங்கிய மிஷின்தான். ஆனால் ஒரு வாரத்தில் அதன் மேல் உயிரை வைத்துவிட்டாள். கொண்டுவந்து மாட்டியவர் சொன்னதை எல்லாம் வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். கண்ணாடிக் கிண்ணத்தில்தான் வைப்பாள், மூடியை இறுக்க மாட்டாள். முட்டையை ஓட்டோடு வைத்தால் வெடிக்கும் என்று வருகிறவர்களுக்கெல்லாம் பாடம் எடுத்தாள். உள்ளே குழம்பு தெறித்தால் பிளக்கைப் பிடுங்கி, சூடு ஆறிய பிறகு ஈரத்துணியால் துடைத்து வைப்பாள்.

ஒருநாள் சுயம்பு எவர்சில்வர் டம்ளரோடு காபியை உள்ளே வைத்துவிட்டார். பளிச் பளிச்சென்று பொறி பறந்தது. அன்றிலிருந்து அவர் ஓவன் பக்கமே போகக்கூடாது என்று உத்தரவு. அவருக்குப் பரம சந்தோஷம். உட்கார்ந்த இடத்துக்கே காபி வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி குடும்பத்தைச் சாப்பிட அழைத்தாள். அவர்கள் வந்து உட்காரக்கூட விடாமல் சபிதாவை அடுக்களைக்குக் கூட்டிப்போனாள். துண்டு கிண்டு எதுவும் இல்லாமல் பளபளவென்று நின்றது ஓவன். கோழிக்குழம்பை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தி, முன்னாலேயே நின்றுகொண்டு பட்டனை அமுக்கினாள்.

சபிதா ஒரே பாய்ச்சலாக வந்து அவள் கையைப் பிடித்து அடுக்களை வாசல்வரை இழுத்து நிறுத்தினாள். திரும்ப ஓடிப்போய்ச் சுவரில் இருந்த சுவிட்சை அணைத்தாள்.

தங்கபாய்க்கு அத்தனை நாள் அடக்கி வைத்ததெல்லாம் பொங்கி வந்தது. துண்டு போட்டு மூடியது, பிள்ளையிடம் ரகசியமாகச் சொன்னது என்று ஒன்று விடாமல் சொன்னாள்.

"என் கண்ணு பட்டா உன் மிஷினு கெட்டுப்போகும், சரி. எனக்க வீட்டு மிஷினையும் நான் பார்க்கக்கூடாதாட்டி?"

சபிதா திகைத்து நின்றாள்.

"கண்ணா? உங்க நெஞ்சுக்குள்ள பேஸ்மேக்கர் இருக்கில்லா மைனி."

தங்கபாயின் கை தானாக இடது தோளுக்குக் கீழே போனது. இதயத் துடிப்பு சீராக இருக்க வைத்த அந்தச் சின்னக் கருவி, ஆஸ்பத்திரிக்குப் போகிற நாள் தவிர அவள் நினைவிலேயே வருவதில்லை.

ஓவன் வாங்கின அன்றே, பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கு இது ஆகாது என்று யாரோ சொன்னார்களாம். மறுநாளே சபிதா ஆஸ்பத்திரிக்குப் போய், தங்கபாயைப் பார்க்கும் டாக்டரிடம் கேட்டிருக்கிறாள். இப்போது வருகிற கருவிகளுக்கு ஒன்றும் ஆகாது, தைரியமாகப் புழங்கலாம் என்று அவர் சொல்லியிருக்கிறார். அப்படியும் அவளுக்கு மனசு கேட்கவில்லை. மைனியிடம் சொன்னால், நம்மால் இவர்களுக்குச் சங்கடம் என்று வராமலே இருந்துவிடுவாள். அதனால்தான் வாயைத் திறக்கவில்லை.

தங்கபாய் பக்கத்தில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"டாக்டரே ஒண்ணும் ஆகாதுன்னு சொன்ன பொறவும் எதுக்குட்டி மூடி வச்ச?"

"ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டுண்ணா, அந்த டாக்டரா எங்களுக்கு வேற மைனி தருவாரு?"