மிதக்கவேண்டிய தவளை

ரூஜ் ஆற்றுப்பக்கத்து வீட்டுச் சமையலறை மேசையில் பின்னேர வெயில் சரிந்து கிடக்கிறது. யேசுரட்ணம் சின்னக் கிடுக்கியில் தூண்டில் முள்ளை இறுக்கி, பாஸ் மீனுக்கு இரையாகப் பொய்த்தவளை கட்டுகிறான். தண்ணீருக்கு மேலே மிதந்தால்தான் மீன் பாய்ந்து கவ்வும். மான்மயிர், ரப்பர் கால்கள், நூல்கட்டைகள். அவற்றுக்கு நடுவில் சிவப்பு ரிப்பனோடு ஒரு கறுத்தப் பின்னல். தன் மருந்துக் குளிசை போடத் தண்ணீரோடு வந்த அவன் மனைவி மக்டலீன் அப்படியே நின்றுவிடுகிறாள். கீமோ தொடங்குவதற்கு முதல்நாள் வெட்டி, மாதா படத்துக்குப் பின்னால் அவள் வைத்த பின்னல் அது. கை தன்பாட்டில் தலைத்துணியைத் தொடுகிறது. "அது என்ர தலைமயிரெல்லோ?" "ஓம். சும்மாதானே கிடந்தது." அவன் நிமிரவில்லை. ஒரு கொத்தை நறுக்கி, முள்ளில் வைத்து நூலால் சுற்றி இறுக்குகிறான். அவள் கையிலிருந்த கிளாஸை வாங்கி, தவளையை அதற்குள் போடுகிறான். மாதாவே, மிதக்கவேணும் என்று மக்டலீன் தன்னையறியாமல் வேண்டிக்கொள்கிறாள். தவளை ஒருமுறை தத்தளித்து, வால்பக்கமாகத் தாழ்ந்து, அடியில் போய்க் குந்துகிறது. "மான்மயிர் உள்ளுக்குக் கோறை, வெறும் காத்து, அதுதான் மிதக்குது. உம்மட தலைமயிர் உதுக்கும் உதவாது." தவளையை எடுத்து உதறுகிறான். பின்னலை முழங்கையால் குப்பைவாளிக்குள் தள்ளுகிறான். பிறகு கிளாஸை அவள் பக்கம் நகர்த்துகிறான். அதன் அடியில் ஒற்றை மயிர் இன்னும் சுழன்றுகொண்டிருக்கிறது. "இந்தாரும், குளிசையைப் போடும்."